போனவர் கண்ட வடகிழக்கும் போகாதவர் கண்ட வடகிழக்கும்

விடுமுறைக்கு எங்கே போகலாம் என்று ஒரு குடும்பம் கூடி ஆலோசிக்கும்போது, அந்த ஆலோசனையில் கலந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் பேச்சில் அடிபடும் ஊரைக் கண்ணால் கண்டவர்கள் அல்லர். ஆயினும் அவ்வூரைப் பற்றிய ஒரு சித்திரம் ஒவ்வொருவர் மனத்திலும் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. போவதா, வேண்டாமா என்பது அந்தச் சித்திரத்தைக் கொண்டே முடிவாகிறது. அந்த ஊரில் விடுதி நடத்துகிறவர், வண்டி ஓட்டுகிறவர், மலைப்பாதையில் தேநீர்க் கடை வைத்திருக்கிறவர் ஆகியோரின் ஒரு வருஷத்து வருமானம், அவர்கள் ஒருநாளும் சந்திக்கப்போகாத மனிதர்களின் மனத்திலுள்ள இந்தச் சித்திரத்தை நம்பியிருக்கிறது. அதே ஊருக்குப் போய் வந்தவர் மனத்திலோ வேறொரு சித்திரம் இருக்கிறது. இவ்விரண்டும் எவ்வாறு உருவாகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்பதைப் பற்றி இங்கே சிறிது சிந்திப்போம்.

உதாரணத்துக்கு நம் நாட்டின் வடகிழக்குப் பிரதேசத்தை எடுத்துக்கொள்வோம். அஸ்ஸாம், அருணாசலப் பிரதேசம், மணிப்பூர், மேகாலயா, மிஸோரம், நாகாலாந்து, திரிபுரா, ஸிக்கிம் என்ற எட்டு மாநிலங்கள் சேர்ந்தது அது. இதைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே வாழும் நம்மில் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் இருப்பவர் பலர். எல்.டி.சி. என்று அலுவலகங்களில் வழங்கும் விடுமுறைப் பிரயாணச் சலுகையில், சொந்த ஊருக்குப் போவதற்குப் பதிலாக வடகிழக்குக்குப் போய் வரலாம் என்று 2008-ஆம் ஆண்டில் சர்க்கார் இடம் கொடுத்தது. அந்த ஏற்பாட்டைத் தவணை தவணையாக நீட்டித்தும் வந்திருக்கிறது. தில்லியிலோ நாகபுரியிலோ இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு இது எளிய முடிவு அன்று. ஒரு தடவை திருநெல்வேலியையோ தஞ்சாவூரையோ விட்டுக்கொடுத்தால்தான் ஷில்லாங்கைப் பார்க்க முடியும். ஊரில் வயதான தாயார் வழி பார்த்துக் காத்திருக்கிறார். இங்கே குழந்தைகளுக்கோ காண்டாமிருகம் பார்க்க ஆசை. இப்படி ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்கும்போது, வாங்கப்போகும் பொருளைப் பற்றி நம் மனத்திலுள்ள எண்ணம் எவ்வளவு சரியானது என்று கேட்டுப் பார்ப்பது அவசியமாகிறது.

வடகிழக்கு என்றவுடன் அங்கே போகாத ஒருவர் மனத்தில் எழுபவை சில சொற்களே. சிரபுஞ்சி மழை, அஸ்ஸாம் தேயிலை, ஒற்றைக் கொம்புக் காண்டாமிருகம், மலைவாழ் மக்களின் நடனம், அவ்வளவுதான். அதன்பின் சற்றே தாழ்ந்த குரலில் ஒரு கேள்வி வரும்: "அங்கே போவது ஆபத்தில்லையா?"

அமெரிக்க அறிஞரான கிளேர் கன் என்பவர் 1972-இல் வெளியிட்ட ஒரு நூலில், பிரயாணிகளின் மனச்சித்திரத்தை இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று தானே முளைப்பது. மற்றொன்று நட்டு வளர்ப்பது. பள்ளிக்கூடப் பாடம், செய்தித்தாள், சினிமா, கதை, உறவினர் பேச்சு ஆகியவற்றிலிருந்து, யாரும் திட்டமிடாமலே மனத்தில் வந்து படிவது முதல் வகை. பிரயாணிகளை வரவழைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு சுற்றுலா இலாகாவும் வியாபாரிகளும் செய்யும் விளம்பரத்தால் உண்டாவது இரண்டாவது வகை. நேரில் போய் வந்தபின் அனுபவம் புகுந்து இவ்விரண்டையும் திருத்தி எழுதுகிறது என்பது அவர் கருத்து.

வடகிழக்கைப் பற்றி நம் மனத்தில் தானே முளைத்த சித்திரம் மிகப் பழையது. பழைய ஐம்பத்தாறு தேசக் கணக்கிலே காமரூபம் என்று ஒரு பெயர் உண்டு. அது மந்திரமும் மாயமும் நிறைந்த தேசம் என்று கதை கேட்டவர்கள் நம் பாட்டன்மார். காமாக்யை அம்மனின் சக்தி பீடம் கௌஹாத்தியின் நீலாசல மலைமேல் இருப்பதும், அஸ்ஸாமில் மாயோங் என்ற கிராமத்துக்கு மாந்திரீகக் கீர்த்தி இருப்பதும் இதற்குத் துணை செய்தன. பின்னர் பூகோளப் பாடம் வந்தது. உலகிலேயே அதிக மழை பெய்யும் இடம் எது என்ற வினாவுக்குச் சிரபுஞ்சி என்று விடை எழுதி மதிப்பெண் வாங்காத தமிழ் மாணவர் அபூர்வம். அதற்கும் பிறகு வந்தது செய்தித்தாள்.

செய்தித்தாளின் வேலையைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ஓர் ஊரில் கலகம் நடந்தால் அது செய்தி. கலகம் நடக்காத முந்நூறு நாட்கள் செய்தியல்ல. இது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் எல்லா ஊரையும் அது ஒரே அளவில் பாதிப்பதில்லை. தில்லியில் ஒரு விபரீதம் நிகழ்ந்தது என்று படித்தால், மதுரையிலுள்ள ஒருவர் அதைத் தம் மனத்திலுள்ள ஆயிரம் பிற செய்திகளோடு சேர்த்து நிறுத்துப் பார்க்கிறார். தில்லியில் அவர் மைத்துனர் இருக்கிறார். குடியரசு தின அணிவகுப்பை வருஷந்தோறும் பார்க்கிறார். குதுப்மினார் அவர் வீட்டு நாட்காட்டியில் தொங்குகிறது. ஆகவே ஒரு கெட்ட செய்தியால் தில்லி முழுவதும் இருண்டுவிடுவதில்லை. வடகிழக்கைப் பற்றியோ அவரிடம் இருப்பவை நாலைந்து கோடுகளே. அந்த நாலைந்து கோடுகளுக்கிடையே ஒரு கறுப்புக் கோடு விழுந்தால் சித்திரமே கறுத்துப் போகிறது. செய்தி ஒன்றே, அதைத் தாங்கும் மனத்தில் எதிர்நிறை இல்லாததுதான் வித்தியாசம்.

இத்துடன் பெயரின் கோளாறும் சேர்ந்துகொள்கிறது. வடகிழக்கு என்பது ஒரு திசையின் பெயர். ஓர் ஊரின் பெயருமன்று, ஒரு மக்களின் பெயருமன்று. எட்டு மாநிலங்களும் சேர்ந்து சுமார் 2,62,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளவை. அதாவது தமிழ்நாட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் நாலரைக் கோடி. அவர்களில் மூன்று கோடிக்கு மேற்பட்டவர்கள் அஸ்ஸாமில் மட்டுமே இருந்தார்கள். ஸிக்கிமுக்கு மற்ற ஏழு மாநிலங்களில் ஒன்றோடும் எல்லைத் தொடர்பு கிடையாது. இடையே மேற்கு வங்காளம் இருக்கிறது. காங்டாக்கிலிருந்து இம்பாலுக்குச் சாலை வழியே போனால் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குள்ள தூரத்தைவிட இது அதிகம். ஆயினும் இம்பாலில் தீ மூண்டால், காங்டாக்கில் அறை வேண்டாமென்று சொல்லிவிடலாமா என்று யோசிக்கத் தொடங்குபவர் உண்டு.

இந்தக் கோளாறு இன்னதென்று நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விந்தியத்துக்கு வடக்கே குடியேறிய தமிழர், மலையாளி, தெலுங்கர், கன்னடியர் அனைவரும் நெடுங்காலம் 'மதராஸி' என்ற ஒரே பெயரால் அழைக்கப்பட்டவர்கள்தாமே. நாலு பாஷை, நாலு சமையல், நாலு பஞ்சாங்க வழக்கம் உள்ளவர்களை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்ததை எண்ணி நாம் சிரித்ததுண்டு. சில வேளை மனம் வருந்தியதும் உண்டு. காஸி, மிஸோ, மெய்தெய், போடோ, அங்காமி, லெப்சா என்று தம்மைத் தனித்தனியே அறிந்திருக்கும் மக்களை 'வடகிழக்கத்தியர்' என்று நாம் சொல்லும்போது, அதே மூட்டையை நாம் கட்டுகிறோம்.

போகாதவரின் அச்சம் முழுவதும் கற்பனை என்று சொல்வதற்கில்லை. 2023 மே மாதம் மணிப்பூரில் பெருங்கலவரம் மூண்டது. இருநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுமார் 60,000 பேர் வீடு வாசலை விட்டு வெளியேறினர். அக்காலத்தில் அங்கே உல்லாசப் பிரயாணம் போகலாம் என்று ஒருவர் சொல்லியிருந்தால் அவர் பொறுப்பில்லாதவர். மழைக்காலத்தில் மலைச்சரிவால் பாதை அடைபடுவதும், பிரம்மபுத்திரா கரை புரளுவதும் உண்மையே. தவறு அச்சப்படுவதில் இல்லை; அச்சத்துக்கு முகவரி எழுதாமல் விடுவதில்தான் இருக்கிறது. 'வடகிழக்கு ஆபத்தா?' என்ற கேள்விக்கு விடையே கிடையாது. 'இந்த மாதத்தில், இந்தப் பாதையில், இந்த ஊருக்குப் போகலாமா?' என்று கேட்டால் ஒவ்வொரு நாளும் விடை கிடைக்கும்.

அனுமதிச் சீட்டு என்ற விஷயமும் போகாதவரைத் தயங்க வைக்கிறது. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிஸோரம் ஆகிய மூன்று மாநிலங்களுக்குள்ளும், 2020 முதல் மணிப்பூருக்குள்ளும் போவதற்கு, வெளி மாநிலத்து இந்தியரும் உள்கோட்டு அனுமதி என்ற ஒரு சீட்டுப் பெற வேண்டும். நம் நாட்டுக்குள்ளேயே அனுமதி எதற்கு, ஏதோ அபாயம் இருப்பதனால்தானே என்று எண்ணத் தோன்றுவது இயல்பு. ஆனால் இதன் வேர் 1873-ஆம் ஆண்டில் வெள்ளைக்கார சர்க்கார் இயற்றிய வங்காளக் கிழக்கு எல்லைப்புற ஒழுங்குமுறையில் இருக்கிறது. தேயிலை, ரப்பர், யானை ஆகியவற்றில் தங்கள் வியாபார நலனைக் காத்துக்கொள்ள அவர்கள் இழுத்த கோடு அது. சுதந்திரத்துக்குப் பின் அதே கோடு, மலைவாழ் மக்களின் நிலமும் வாழ்க்கை முறையும் வெளியாரால் சிதையாமல் இருக்க ஒரு வேலியாக நிலைத்தது. இன்று அச்சீட்டைக் கணினி வழியாகவே விண்ணப்பித்துப் பெறலாம். மேகாலயாவுக்கும் அஸ்ஸாமுக்கும் திரிபுராவுக்கும் அது வேண்டியதே இல்லை.

நட்டு வளர்த்த சித்திரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். விளம்பரப் பிரசுரங்களை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றும் தொழிலில் இருப்போர் அனைவரும் அறிந்த ஒரு ரகசியம் உண்டு: 'கன்னி அழகு', 'மறைந்து கிடக்கும் மாணிக்கம்', 'மேகங்கள் தவழும் மலைமுகடு' என்ற அடைமொழிகளை ஒரு பிரசுரத்திலிருந்து எடுத்து மற்றொரு மாநிலத்தின் பிரசுரத்தில் ஒட்டிவிட்டாலும் ஒருவரும் கண்டுபிடிக்க மாட்டார். அடைமொழி கிடைக்காத இடத்தில் இரவல் பெயர் வருகிறது. ஷில்லாங்குக்குக் 'கிழக்கின் ஸ்காட்லாந்து' என்று பெயரிட்டு எத்தனையோ காலம் ஆகிறது. அந்தப் பெயரைக் கேட்டு அங்கே போகும் தமிழர் ஸ்காட்லாந்தையும் பார்த்ததில்லை. ஆகவே பார்க்காத ஒன்றைக் கொண்டு பார்க்கப்போகும் ஒன்றை அளக்கிறார். அது காஸி மக்களின் ஊர் என்பதும், அவர்களிடையே தாய் வழியாகக் குலமும், பெரும்பாலும் கடைசி மகளுக்குக் குடும்பச் சொத்தும் வருகின்றன என்பதும் இரவல் பெயருக்குள் எங்கே அடங்கும்?

முத்திரை சில சமயம் ஓர் ஊரின் தலைவிதியையே மாற்றிவிடும். மேகாலயாவின் தென்கோடியில், வங்காள தேசத்து எல்லையருகே மாவ்லின்னாங் என்ற சிறு கிராமம் இருக்கிறது. அங்குள்ளவர்கள் வெகுகாலமாகத் தெருவைப் பெருக்கி, மூங்கில் கூடையில் குப்பை சேர்த்து, வாசலில் பூச்செடி வைத்து வாழ்ந்து வந்தார்கள். 2003-இல் ஒரு பத்திரிகை அதை ஆசியாவிலேயே மிகத் தூய்மையான கிராமம் என்று எழுதியது. அன்று முதல் அவர்கள் சுத்தம் காட்சிப் பொருளாயிற்று. வண்டிகளில் வந்திறங்கும் கூட்டம் பெருகிற்று. நம் கிராமத்துத் தெருவில் தினந்தோறும் அந்நியர் கூட்டம் வந்து நின்று, நம் பெண்கள் வாசல் பெருக்குவதைப் படம் எடுத்தால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

இனி, போய் வந்தவர்களிடம் வருவோம். அவர்கள் மனத்தில் என்ன மாறுகிறது?

முதலில் சிரபுஞ்சியே மாறிவிடுகிறது. அவ்வூரின் சொந்தப் பெயர் ஸோஹ்ரா. 1860 ஆகஸ்டு முதல் 1861 ஜூலை வரையுள்ள பன்னிரண்டு மாதத்தில் அங்கே 26,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ததாகப் பதிவு இருக்கிறது. சென்னையில் சுமார் பத்தொன்பது வருஷங்களில் பெய்யும் மழை, அங்கே ஒரே வருஷத்தில் கொட்டியிருக்கிறது. வருஷச் சராசரிக் கணக்கில் இப்போது முதலிடம் அருகேயுள்ள மாவ்ஸின்ராமுக்குப் போய்விட்டது என்பது வேறு விஷயம். இந்தக் கணக்கை நினைத்துக்கொண்டு டிசம்பரிலோ ஜனவரியிலோ அங்கே போகிறவர், நீல வானத்தையும் பழுத்துக் காய்ந்த புல்வெளியையும் காண்கிறார். புகைப்படத்தில் இடியென விழுந்த அருவி, பாறையில் ஒரு நூலாக இழைகிறது. தண்ணீர்க் குடத்தோடும் பிளாஸ்டிக் கலத்தோடும் ஊற்றைத் தேடி நடக்கும் பெண்களைப் பார்த்து அவர் திகைத்துப் போகிறார். உலகத்துக்கே மழைக்குப் பேர்போன ஊரில் குடிநீர்ப் பஞ்சமா?

ஆம். வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று, வங்காளச் சமவெளியைத் தடையின்றிக் கடந்து, செங்குத்தாக எழும் காஸி மலையில் மோதி மேலேறிக் குளிர்ந்து கொட்டிவிடுகிறது. கொட்டுவதெல்லாம் பெரும்பாலும் கோடை முடிவிலிருந்து புரட்டாசி வரையில்தான். பீடபூமியின் மேல்மண் அரித்துப் போயிருக்கிறது; கீழே சுண்ணாம்புப் பாறை வெடிப்பும் குகையுமாக இருக்கிறது. விழுந்த நீர் தங்குவதற்கு இடமின்றி வங்காள தேசத்துச் சமவெளிக்கு ஓடிவிடுகிறது. ஏரி வெட்டி நீர் தேக்கிப் பழகிய தமிழ்நாட்டு மனிதருக்கு இதன் பொருள் ஒரு நொடியில் விளங்கும். பூகோளப் பாடம் மழையின் அளவைச் சொல்லிற்று. மழை எங்கே போகிறது என்று சொல்லவில்லை. அதை அங்கே போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

ஸோஹ்ராவுக்கு அருகே நோங்க்ரியாட் என்ற ஊரிலுள்ள இரட்டை அடுக்கு வேர்ப்பாலமும் இப்படித்தான். ரப்பர் அத்தி மரத்தின் விழுதுகளைக் குடைந்த பாக்கு மரத் தண்டுக்குள் செலுத்தி, ஓடையின் அக்கரைக்கு வளர்த்துச் சென்று, ஒரு தலைமுறை காத்திருந்து அமைத்த உயிருள்ள பாலம் அது. படத்தில் பார்த்தவருக்கு அது ஓர் அற்புதம். போனவருக்கு அது ஓர் அற்புதமும் மூவாயிரத்துக்கு மேற்பட்ட படிகளுமாகும். இறங்கிய படியெல்லாம் ஏற வேண்டும் என்ற சத்தியத்தைப் படம் மறைத்துவிடுகிறது. முழங்கால் வலிக்காரர்கள் இதைக் கவனிக்கவும்.

போனவர் திரும்பி வந்து சொல்பவற்றில் பிரசுரங்களில் இல்லாத சிறு விஷயங்களே அதிகம். அவற்றுள் ஒன்று பொழுது. இந்தியா முழுவதற்கும் ஒரே கடிகாரம். சூரியனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கௌஹாத்தியில் டிசம்பர் மாதம் மாலை நாலரை மணிக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூன் மாதத்தில் விடியற்காலை நாலரை மணிக்கே எழுந்துவிடும். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொண்டு, தோட்ட நேரம் என்று தனியே ஒரு கணக்கை அனுசரிக்கும் வழக்கம் உண்டு. காலை பத்து மணிக்குப் பலகாரம் முடித்துச் சாவகாசமாகக் கிளம்பும் குடும்பம், பாதி நாளைத் தொலைத்துவிட்டது என்று பொருள். மற்றொன்று தூரம். சமவெளியில் நூறு கிலோமீட்டர் என்றால் இரண்டு மணி. மலையில் அதே நூறு நாலு மணியாகலாம். மிஸோரத்தின் தலைநகரான ஐஸ்வாலில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைத்திருக்கும். ஊரே மாதா கோயிலில் இருக்கும். இவையெல்லாம் போகுமுன் தெரிந்திருந்தால் குறையாகத் தோன்றாதவை. தெரியாமல் போனால் மனஸ்தாபத்துக்கு இடமாகின்றவை.

சாப்பாடு பற்றிய பயம் நம்மவரிடம் அதிகம். புளிக்கவைத்த மீனும் மூங்கில் குருத்தும் பல இடங்களில் உண்டு. அவற்றின் மணம் எல்லாருக்கும் பிடித்துவிடாது. ஆயினும் வட இந்தியாவில் சப்பாத்தியோடு வாழப் பழகிய தமிழர், அஸ்ஸாமில் கால் வைத்ததும் ஒரு நிம்மதியை உணர்கிறார். அங்கே சோறுதான் சாப்பாடு. சங்கரதேவர் வழிவந்த வைஷ்ணவ மரபு அங்கே ஆழமாக வேரூன்றியிருப்பதால் சைவச் சமையலும் புதிதன்று. விருந்தாளி வந்தால் வெற்றிலை பாக்கு வைத்து உபசரிப்பார்கள். பாக்குக்கு அவர்கள் வழங்கும் பெயர் 'தாமுல்'. முதல் தடவை கேட்கும்போது நம் மொழியைத்தான் சொல்கிறார்களோ என்று காது கூர்மையாகும்; தாம்பூலம் என்ற வடசொல்லின் திரிபே அது என்று பிறகு விளங்கும்.

பண்டிகையும் அப்படியே. நமக்குப் பொங்கல் வரும் நாளில் அவர்களுக்கு மாக் பிஹு. வைக்கோலும் மூங்கிலும் கொண்டு மேடு கட்டி விடியற்காலையில் கொளுத்துகிறார்கள். போகி நினைவு வராமல் இராது. எள்ளும் வெல்லமும் உள்ளே வைத்து அரிசி மாவில் பிட்டா என்ற பணியாரம் செய்கிறார்கள். நமக்குச் சித்திரை பிறக்கும் சமயத்தில் அவர்களுக்கு ரொங்காலி பிஹு. அதுவே அவர்கள் புது வருஷமும். ஒரு நாட்டின் இரு கோடிகளில் ஒரே காலத்தில் அறுவடைப் பானையும் புது வருஷமும் வருகின்றன. இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. காண்டாமிருகத்தைப் பார்க்கப் போனவர் எதிர்பாராமல் இதைக் கொண்டு வருகிறார். காஜிரங்காவில் 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 2,613 காண்டாமிருகங்கள் இருந்தன. அவற்றில் இரண்டொன்றையாவது பெரும்பாலோர் பார்த்துவிடுகிறார்கள். ஆனால் ஊர் திரும்பியபின் வெகுநேரம் பேசுவது தாமுலைப் பற்றியும் பிட்டாவைப் பற்றியும்தான்.

அப்படியானால் போனவர் சொல்வதே உண்மை, போகாதவர் நினைப்பது பொய் என்று தீர்ப்பளித்துவிடலாமா? அதுவும் முடியாது. போனவர் எங்கே போனார்? கௌஹாத்தியில் இறங்கி, ஷில்லாங்கில் இரண்டு நாள், ஸோஹ்ராவில் ஒரு நாள், காஜிரங்காவில் ஒரு நாள், காமாக்யை தரிசனம், ஊர் திரும்புதல். வடகிழக்கைப் பார்த்துவிட்டேன் என்கிறார். எட்டில் இரண்டு மாநிலங்களில் ஒரு பாதையைப் பார்த்திருக்கிறார். அந்தப் பாதையும் பிரசுரம் வகுத்த பாதை. போகுமுன் படத்தில் பார்த்த அருவியின் முன் நின்று, அதே கோணத்தில் தாமும் ஒரு படம் எடுத்து வருகிறார். அந்தப் படம் நாலு உறவினருக்குப் போகிறது. அவர்கள் மனத்தில் தானே முளைத்த சித்திரமாக உருவெடுக்கிறது. விதையும் மரமும் போல விளம்பரமும் அனுபவமும் ஒன்றை ஒன்று பெற்றெடுக்கின்றன. செலவழித்த பணத்துக்கும், விட்டுக்கொடுத்த ஊர்ப் பிரயாணத்துக்கும் ஈடு காட்ட வேண்டிய நிர்ப்பந்தமும் அவருக்கு உண்டு. ஆகவே நன்றாயிருந்தது என்று சொல்வார். இரண்டு மடங்கு நன்றாயிருந்தது என்றும் சொல்வார்.

ஃபேகே, கிராம்ப்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தின் தென்கோடியிலுள்ள ரியோ கிராண்டே பள்ளத்தாக்குக்குக் குளிர்காலத்தில் வரும் பிரயாணிகளை ஆராய்ந்து 1991-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். போகாதவர், முதல் தடவை போனவர், திரும்பத் திரும்பப் போகிறவர் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டதில், மூவர் மனத்திலுமிருந்த சித்திரம் ஒன்றாக இல்லை என்று கண்டார்கள். போனவர் என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பதற்குள்ளும் இரண்டு வகை இருக்கிறது என்பது இதில் கவனிக்கத்தக்கது. ஒரு தடவை போனவர் அருவியின் உயரத்தைச் சொல்வார். மூன்றாம் தடவை போகிறவர் வண்டியோட்டியின் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனதைச் சொல்வார். வேடிக்கை பார்க்கும் இடம், தெரிந்தவர் இருக்கும் இடமாக மாறிவிடுகிறது. நம் அபிப்பிராயத்தில் உல்லாசப் பிரயாணத்தின் உண்மையான பலன் இரண்டாம் தடவையில்தான் தொடங்குகிறது. ஆனால் இரண்டாம் தடவைக்கு எல்.டி.சி. கிடைப்பது அரிது.

இவ்விரு சாராருக்கும் அப்பால் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்: அங்கேயே வாழ்பவர். கௌஹாத்தியிலும் திமாப்பூரிலும் ஷில்லாங்கிலும் உத்தியோகத்தின் பொருட்டும் வியாபாரத்தின் பொருட்டும் குடியிருக்கும் தமிழர்கள் இந்த வகை. மணிப்பூரில் பர்மா எல்லையோரமுள்ள மோரேயில் தமிழ்க் குடும்பங்கள் குடியேறியது தனிக் கதை. 1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்தபின் அங்கிருந்து தமிழர் பலர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார்கள். அவர்களில் சிலர் இங்கே மனம் ஒட்டாமல் தரை வழியாகவே மீண்டும் பர்மாவுக்குப் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, அங்கேயே தங்கிவிட்டார்கள். அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் எழுப்பினார்கள். இம்பாலுக்கு வந்த பிரயாணிகள் ஒரு காலத்தில் மோரேக்கும் போய், கடைவீதியில் தோசை தின்று, எல்லைக்கப்பால் ஒரு நடை நடந்து வருவார்கள். அவர்களுக்கு அது ஒரு பிற்பகல் வேடிக்கை. வாழ்கிறவருக்கு அது ஊர். 2023-இன் கலவரத்தில் அந்த ஊரிலும் வீடுகள் எரிந்தன.

கௌஹாத்தியில் வாழும் தமிழருக்கு வடகிழக்கில் எந்த மூலையில் எது நடந்தாலும் ஊரிலிருந்து தொலைபேசி வருவது வழக்கம். "பத்திரமாக இருக்கிறாயா? இங்கேயே வந்துவிடேன்" என்று அம்மா கேட்பார். அதே தொலைபேசியில் மற்றொரு நாள் சித்தப்பா, "பையனுக்குப் பரீட்சை முடிகிறது, அந்தப் பக்கம் வரலாமா?" என்று விசாரிப்பார். இரண்டுக்கும் விடை சொல்ல வேண்டியவர் அவரே. டிப்ருகரிலிருந்து கன்னியாகுமரிக்கு 2011 நவம்பரில் ஓடத் தொடங்கிய விவேக் விரைவு வண்டி 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடி இரு கோடிகளையும் இணைக்கிறது. ஆயினும் அந்த வண்டி மூன்று நாட்களுக்கு மேல் எடுத்துக்கொள்ளும் தூரத்தைக் கடந்து, சித்தப்பாவின் மனத்திலுள்ள நாலைந்து கோடுகளோடு மேலும் சில கோடுகளைச் சேர்ப்பது, தொலைபேசியில் சொல்லப்படும் அந்த விடைதான்.

ஆகவே சித்தப்பா கேட்கும்போது 'தாராளமாக வாருங்கள்' என்றோ, 'இப்போது வேண்டாம்' என்றோ பொதுவாகச் சொல்லி நிறுத்திவிட வேண்டியதில்லை. எந்த ஊர், எந்த மாதம் என்று திருப்பிக் கேட்கலாம். அருவி பார்க்க வேண்டுமானால் மழை ஓய்ந்த புரட்டாசி ஐப்பசி, மிருகங்களைப் பார்க்க வேண்டுமானால் மழைக்காலம் முழுவதும் காஜிரங்கா மூடியிருக்கும் என்பதால் கார்த்திகைக்குப் பின், தவாங் போவதானால் கம்பளியும் அனுமதிச் சீட்டும், நோங்க்ரியாட் போவதானால் சித்தியின் முழங்காலைப் பற்றி ஒரு யோசனை. டிசம்பரில் வருவதானால், நாலரை மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கும் என்பதையும் முன்கூட்டிச் சொல்லிவிடலாம்.